பித்தப்பையில் ஓபியாயிடு தடுப்பது தசையையா, நரம்பையா?

முதுகலை_மாணவி எழுதியது:

வணக்கம். உடலியங்கியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பித்தப்பையின் இயக்கம் பற்றி வகுப்பில் கருத்தரங்க உரை தர வேண்டும். ஹார்மோன் பகுதியை எழுதி முடித்துவிட்டேன். மார்ஃபினைப் போல வேலை செய்யும் ஓபியாயிடு பெப்டைடுகள் என்ற தலைப்பை எழுதியதோடு கை நின்றுவிட்டது.

நான் புரிந்துகொண்டிருப்பது இதுதான். கொழுப்பும் புரதமும் முன்சிறுகுடலுக்குள் வந்ததும் அங்குள்ள ஐ-செல்கள் கொலிசிஸ்டோகைனினைச் சுரக்கின்றன. இனிமேல் சி.சி.கே. என்று சுருக்கமாக எழுதுகிறேன். அது இரத்தத்தில் கலந்து பித்தப்பைச் சுவரின் மென்தசையை அடைகிறது. அங்கே முதல் வகை சி.சி.கே. ஏற்பியில் போய் அமர்கிறது. செல்லுக்குள் செய்தியைக் கடத்தும் ஜி-கியூ புரதம் தூண்டப்படுகிறது, செல்லுக்குள் கால்சியம் உயர்கிறது, பை சுருங்குகிறது. அதே நேரத்தில் பித்தநாளம் குடலில் திறக்கும் இடத்தில் இருக்கும் ‘ஓடி’ என்ற சுருக்குத்தசை தளர்ந்து வழிவிடுகிறது.

மார்ஃபின் அந்தச் சுருக்குத்தசையை இறுக்கும் என்பது எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. அதில் எனக்குக் குழப்பம் இல்லை. ஆனால் வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓபியாயிடான லோபெரமைடு எடுத்துக்கொண்டவர்களுக்கு, சி.சி.கே.யைச் சிரை வழியாக நேரடியாகச் செலுத்தினாலும் பித்தப்பை சரியாகச் சுருங்குவதில்லை என்று படித்தேன். ஹார்மோனை வெளியிலிருந்தே கொடுத்தாகிவிட்டது. அதன் ஏற்பி தசையிலேயே இருக்கிறது. அப்படியானால் ஓபியாயிடு எந்த இடத்தில் புகுந்து தடுக்கிறது? தசையிலேயே ஓபியாயிடு ஏற்பி இருந்து சி.சி.கே.யோடு மோதுகிறதா? நம் உடலே சுரக்கும் ஓபியாயிடுகளான என்கெஃபலின்களுக்கு இதில் என்ன வேலை?

“இரண்டும் ஒன்றையொன்று எதிர்க்கும் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போ” என்கிறார்கள் உடன் படிப்பவர்கள். எனக்கு அப்படி எழுத மனம் வரவில்லை. எப்படி எதிர்க்கிறது என்று தெரியாமல் எழுதி என்ன பயன்? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

காமா_அறை எழுதியது:

நான் அணு மருத்துவப் பிரிவில் தொழில்நுட்பராக இருக்கிறேன். செல்லுக்குள் நடப்பதை விளக்க என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் கேட்பதைத் திரையில் அடிக்கடி பார்க்கிறவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

எங்கள் அறையில் மார்ஃபினை நாங்களே ஊசியில் ஏற்றுவதும் உண்டு, யாராவது அதை எடுத்துக்கொண்டு வந்தால் சோதனையைத் தள்ளிவைப்பதும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் கேள்வியின் பாதி விளங்கிவிடும்.

முதலில், நாங்கள் அதைப் பயன்படுத்தும் இடம். கதிரியக்க டெக்னீசியம் சேர்ந்த மருந்தைச் சிரையில் செலுத்துகிறோம். கல்லீரல் அதை எடுத்துப் பித்தநீரோடு வெளியேற்றுகிறது. அது பித்தநாளத்தில் இறங்குவதும் குடலுக்குள் போவதும் காமா கேமராவில் தெரியும். நாளத்தில் இறங்கும்போது ஒரு பங்கு பித்தப்பைக்குள் நுழைய வேண்டும். 60 நிமிடம் ஆகியும் பித்தப்பை தென்படவில்லை, ஆனால் மருந்து குடலுக்குள் போய்விட்டது என்றால், கிலோவுக்கு 0.04 மில்லிகிராம் கணக்கில் மார்ஃபினை மெதுவாகச் செலுத்துவோம். சுருக்குத்தசை இறுகும், நாளத்துக்குள் அழுத்தம் ஏறும், பித்தநீர் வேறு வழியின்றிப் பித்தப்பைக்குப் போகும் கிளைக்குழாயில் திரும்பும். அந்தக் குழாய் திறந்திருந்தால் அடுத்த அரை மணி நேரத்துக்குள் பை ஒளிரத் தொடங்கும். அப்போதும் ஒளிரவில்லை என்றால் குழாய் அடைபட்டிருக்கிறது. கடும் பித்தப்பை அழற்சியை அது காட்டுகிறது.

இனி, அது எங்களைக் கெடுக்கும் இடம். பித்தப்பை எவ்வளவு வெளியேற்றுகிறது என்று அளக்க சின்கலைடு என்ற மருந்தைக் கொடுக்கிறோம். சி.சி.கே.யின் கடைசி எட்டு அமினோ அமிலங்கள்தான் அது. கிலோவுக்கு 0.02 மைக்ரோகிராம், 60 நிமிடங்களில் சீராக ஏற்ற வேண்டும். வெளியேறிய பங்கு 38 சதவீதத்துக்குக் கீழே போனால் குறைவு என்று எழுதுகிறோம். இதை இரண்டு மூன்று நிமிடங்களில் அவசரமாக ஏற்றும் பழக்கம் முன்பு பல இடங்களில் இருந்தது. அப்படிச் செய்தால் நலமாக இருப்பவர்களுக்கே வயிற்றைப் பிடித்து இழுக்கும், எண்ணும் தாறுமாறாக வரும். வேகம் மாறினால் விடை மாறும் என்பதை உங்கள் உரையில் கட்டாயம் சேருங்கள்.

ஒருவருடைய சோதனை எனக்கு இன்றும் மறக்கவில்லை. பை நன்றாக நிரம்பியிருந்தது. திரையில் கெட்டியான ஒரு வெள்ளைப் புள்ளி. சின்கலைடு ஏறத் தொடங்கிப் பாதி நேரம் கடந்தும், பை காலியாவதைக் காட்டும் வளைகோடு அசையவில்லை. பித்தநாளமும் ஒளிர்ந்தபடியே நின்றது, குடலுக்குள் எதுவும் போகவில்லை. வலி மாத்திரை எதுவும் எடுக்கவில்லை என்றுதான் படிவத்தில் எழுதியிருந்தார். முதுகு வலிக்கு ஏதாவது போட்டீர்களா என்று வேறு விதமாகக் கேட்டதும், “ஆமாம், அது வலி மாத்திரை இல்லையே, நரம்பு மாத்திரை” என்று சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்தார். டிரமடால். அதுவும் ஓபியாயிடுதான். மருத்துவரின் ஒப்புதலோடு அதை நிறுத்திவைத்து இன்னொரு நாள் எடுத்தபோது அதே பை சரிவாகக் காலியானது.

அதில் எவ்வளவு பங்கு சுருக்குத்தசை மூடியிருந்ததால், எவ்வளவு பங்கு பையே சுருங்காததால் என்று எங்கள் படம் பிரித்துச் சொல்லாது. அதை மற்றவர்கள் விளக்கட்டும்.

---

உறுப்புத்தொட்டி எழுதியது:

அன்புள்ள மாணவிக்கு,

நீண்ட காலம் மருந்தியல் கற்பித்தவள் நான். ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகாமல் நின்று கேட்டீர்களே, அதற்காகவே நேரம் எடுத்து எழுதுகிறேன்.

உங்கள் கேள்விக்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. சி.சி.கே. தசையிலிருக்கும் ஏற்பியில் அமர்வதால்தான் பை சுருங்குகிறது என்பது அது. தசையில் ஏற்பி இருப்பது உண்மை. ஆனால் உடலுக்குள், உண்ட பிறகு ஏறும் அளவில், அந்த ஏற்பி மட்டும் தனியாக வேலை செய்வதில்லை. அளவைக் கேட்காமல் எந்த ஹார்மோனின் வேலையையும் பேசக்கூடாது என்று என் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

அறுவையில் எடுத்த பித்தப்பையிலிருந்து ஒரு தசைக்கீற்றை வெட்டி உறுப்புத்தொட்டியில் தொங்கவிட்டுச் சி.சி.கே. சேர்த்தால் அது சுருங்கும். டெட்ரோடோடாக்சின் போட்டு நரம்புகளை எல்லாம் செயலிழக்கச் செய்த பிறகும் சுருங்கும். அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருளின் வேலையைத் தசையில் தடுக்கும் அட்ரோபின் போட்டாலும் சுருங்கும். ஆகவே தசையின் மீது நேரடி வேலை உண்டு. இந்தச் சோதனையை வைத்துத்தான் பாடநூலின் அந்த அம்புக்குறி வரையப்பட்டிருக்கிறது. ஆனால் தொட்டியில் நாம் சேர்ப்பது நானோமோல் அளவு. வெறும் வயிற்றில் மனித இரத்தத்தில் இருக்கும் சி.சி.கே. லிட்டருக்குச் சுமார் 1 பிகோமோல். உண்ட பிறகு சில பிகோமோல்கள். நூறு மடங்கும் அதற்கு மேலும் இடைவெளி இருக்கிறது.

அந்தச் சிறிய அளவில் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு அட்ரோபின் சாட்சி சொல்கிறது. மனிதர்களுக்கு, உணவுக்குப் பின் காணும் அளவுக்குச் சி.சி.கே.யைச் சிரையில் ஏற்றிக்கொண்டே அட்ரோபின் கொடுத்தால் பித்தப்பைச் சுருக்கம் தெளிவாகக் குறைகிறது. தொட்டியில் அட்ரோபினைப் பொருட்படுத்தாத அதே சுருக்கம்தான்! அப்படியென்றால் உடலுக்குள் ஹார்மோனின் செய்தியில் பெரும் பங்கு அசிட்டைல்கோலின் வழியாகத்தான் தசைக்குப் போய்ச் சேருகிறது. ஒரு பாதை வேகஸ் நரம்பின் உணர்நார்களில் தொடங்கி மூளைத்தண்டைத் தொட்டுத் திரும்புகிறது. இன்னொன்று பித்தப்பைச் சுவருக்குள்ளேயே இருக்கிறது. அங்கே சிறு சிறு நரம்பு முடிச்சுகள் உண்டு. கேரி மாவே கினிப் பன்றியின் பித்தப்பையில் அந்த முடிச்சுகளின் நியூரான்களில் மின்முனையைச் செருகிப் பார்த்தார். வேகஸ் நார்களின் முனைகளிலிருந்து அசிட்டைல்கோலின் கூடுதலாக வெளிப்படும்படி சி.சி.கே. செய்கிறது என்றும், தசையை நேரடியாகத் தூண்டத் தேவைப்படும் அளவைவிடக் குறைந்த அளவே அதற்குப் போதும் என்றும் காட்டினார்.

இப்போது ஓபியாயிடு எங்கே புகுகிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். தசையில் அல்ல, நரம்பின் முனையில்.

இதைப் படித்து நம்புவதைவிடக் கண்ணால் பார்ப்பது வேறு. நாங்கள் மாணவர்களுக்குச் செய்துகாட்டும் சோதனை ஒன்று உண்டு. கினிப் பன்றியின் சிறுகுடல் துண்டு, 37 டிகிரியில் உப்புக் கரைசல், அடியிலிருந்து 95 சதவீத ஆக்ஸிஜனும் 5 சதவீதக் கரியமில வாயுவும் குமிழியிட்டபடி. பட்டு நூலால் ஒரு முனையைக் கீழே கட்டி, மறு முனையை விசையை அளக்கும் கருவியில் மாட்டுவோம். மின்துடிப்பு கொடுக்கும்போதெல்லாம் துண்டு ஒருமுறை துள்ளும். காகிதத்தில் ஒரே உயரத்தில் ஊசிக் கோடுகள் வரிசையாக விழும். தொட்டியில் மார்ஃபின் சேர்த்ததும் கோடுகள் குட்டையாகிக்கொண்டே போகும். தசை களைத்துவிட்டது என்றுதான் பெரும்பாலான மாணவர்கள் முதலில் சொல்வார்கள். அப்போது அசிட்டைல்கோலினை நேராகத் தொட்டியில் சேர்ப்போம். துண்டு முழு வலிமையோடு சுருங்கும். தசைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு வர வேண்டிய அசிட்டைல்கோலின் நரம்பிலிருந்து வெளிப்படவில்லை, அவ்வளவுதான். பிறகு ஓபியாயிடு ஏற்பியை அடைக்கும் நலாக்சோன் சேர்த்தால் மின்துடிப்புக்கான கோடுகள் பழைய உயரத்துக்கு ஏறும். மார்ஃபின் குடல் நரம்புகளிலிருந்து அசிட்டைல்கோலின் வெளியாவதைக் குறைக்கிறது என்று பேட்டன் 1957-லேயே காட்டிவிட்டார்.

என்கெஃபலினின் வரலாறும் இந்தத் தொட்டியில்தான் இருக்கிறது. 1975-இல் அபெர்தீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து எடுத்த சாற்றை, மின்துடிப்புக்குத் துள்ளும் இத்தகைய திசுக்களில்தான் சோதித்தார்கள். துள்ளல் குறைந்தது, நலாக்சோன் அதை மீட்டது. அந்தச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்தவை ஐந்து ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட இரண்டு பெப்டைடுகள். டைரோசின், இரண்டு கிளைசின், ஃபீனைல்அலனின். ஐந்தாவது இடத்தில் ஒன்றில் மெத்தியோனின், மற்றதில் லூசின். நம் உடல் தானே உண்டாக்கும் ஓபியாயிடைக் கண்டுபிடிக்க உதவிய அளவுகோலே, நரம்பு முனையிலிருந்து செய்திப் பொருள் வெளிப்படுவதை அது அடக்கும் தன்மைதான். உங்கள் உரையில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

செல்லுக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மியூ, டெல்டா, காப்பா ஆகிய மூன்று ஓபியாயிடு ஏற்பிகளும் தடுக்கும் வகை ஜி-புரதத்தோடு இணைந்தவை. பொட்டாசியம் வாயில்கள் திறக்கின்றன, கால்சியம் வாயில்கள் மூடிக்கொள்கின்றன, சைக்ளிக் ஏ.எம்.பி. குறைகிறது. நரம்பு முனைக்குள் கால்சியம் நுழையாவிட்டால் அசிட்டைல்கோலின் நிறைந்த நுண்பைகள் திறந்து கொட்டாது. சி.சி.கே. அதே முனையைக் கொட்டு என்று தூண்டுகிறது, ஓபியாயிடு கொட்டாதே என்று அடக்குகிறது. இரண்டும் எதிர்ப்பவைதான், ஆனால் மோதும் இடம் தசையின் ஏற்பி அல்ல.

சுருக்குத்தசையிலும் நரம்பை விட்டுவிடாதீர்கள். ருகெரோ ஓடி 1887-இல் விவரித்த இந்தத் தசை சி.சி.கே.க்குத் தளர்வதே நரம்புகளின் வழியாகத்தான். வி.ஐ.பி. என்ற பெப்டைடையும் நைட்ரிக் ஆக்ஸைடையும் வெளியிடும் தடுப்பு நரம்புகள் தசையைத் தளர்த்துகின்றன. அந்த நரம்புகள் செயலிழந்த நிலையில் சி.சி.கே. கொடுத்தால், தளர வேண்டிய சுருக்குத்தசை இறுகிவிடுகிறது. தசையின் மீதான அதன் நேரடி வேலை அப்போது வெளியே தெரிகிறது. ஓபியாயிடு இந்தத் தளர்வையும் கெடுத்து, சுருக்குத்தசையின் அலைத் துடிப்புகளையும் கூட்டுகிறது. பின்னாலிருந்து தள்ளும் விசை குறைகிறது, முன்னால் வாயிலும் மூடுகிறது. காமா_அறை சொன்ன நோயாளியின் நாளம் ஒளிர்ந்தபடியே நின்றதே, அது இரண்டாவது.

மூன்றாவதாக ஒன்று உண்டு, பலரும் மறந்துவிடுவது. ஓபியாயிடு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. கொழுப்பு முன்சிறுகுடலுக்குத் தாமதமாக வந்தால் ஐ-செல்கள் தூண்டப்படுவதும் தாமதமாகும். உணவு கொடுத்துச் செய்த சோதனைகளில் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சிரையில் சி.சி.கே. ஏற்றிச் செய்த சோதனையை நீங்கள் சரியாகவே தேர்ந்தெடுத்தீர்கள், ஏனென்றால் அதில் இந்தக் குழப்பம் இல்லை.

---

மருந்துச்சீட்டு எழுதியது:

மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். மேலே எழுதியதெல்லாம் ஆய்வக விவகாரம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு மருந்தைப் பற்றிச் சொல்கிறேன்.

எலுக்ஸாடோலின் என்ற மருந்து, வயிற்றுப்போக்கோடு வரும் எரிச்சல் குடல் நோய்க்காக 2015-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மியூ, காப்பா ஏற்பிகளைத் தூண்டும், டெல்டாவைத் தடுக்கும். பெரும்பாலும் குடலிலேயே தங்கி வேலை செய்யும் என்பதுதான் அதன் சிறப்பு. 2017 மார்ச்சில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டது: பித்தப்பை இல்லாதவர்கள் இதை எடுக்கக் கூடாது. அதுவரை இந்த மருந்தை எடுத்தவர்களைப் பற்றி நிர்வாகத்துக்கு வந்த கடுமையான கணைய அழற்சி அல்லது இறப்பு பற்றிய தகவல்கள் 120. அவர்களில் பித்தப்பை இருந்ததா இல்லையா என்று தெரிந்தவர்கள் 68 பேர். அந்த 68 பேரில் 56 பேருக்குப் பித்தப்பை இல்லை. சிலருக்கு ஒன்றிரண்டு மாத்திரைகளிலேயே வந்துவிட்டது.

பித்தப்பை இருந்தால், வாயில் மூடும்போது ஏறும் அழுத்தத்தை அந்தப் பை கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். அதை எடுத்துவிட்டால் அழுத்தம் முழுவதும் நாளத்தில் நிற்கும். கணைய நாளமும் அதே வாயிலில்தான் திறக்கிறது. பித்தப்பை நீக்கியவர்களுக்குக் கோடீன் என்ற ஓபியாயிடு போட்ட சிறிது நேரத்தில் மேல்வயிற்றில் கடும் வலி வருவதும் இதே காரணத்தால்தான். இருமல் மருந்தில் கோடீன் இருப்பதை அவர்கள் கவனிப்பதே இல்லை. “பித்தப்பை எடுத்தாகிவிட்டது, இனி அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது” என்று நினைக்கிறார்கள். மருந்து வாங்கும்போது தயவுசெய்து சொல்லுங்கள்.

இந்தக் காரணத்தால்தான் பித்தக்கல் வலிக்கு மார்ஃபினுக்குப் பதில் பெதிடின் என்ற இன்னொரு ஓபியாயிடு கொடுக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

---

உறுப்புத்தொட்டி எழுதியது:

மருந்துச்சீட்டு ஐயா, எலுக்ஸாடோலினைக் கொண்டுவந்தது மிகப் பொருத்தம். ஆனால் பெதிடின் பற்றிய கடைசி வரியை அப்படியே விட எனக்கு மனமில்லை.

பெதிடின் சுருக்குத்தசையைக் குறைவாக இறுக்குகிறது என்பது தலைமுறை தலைமுறையாகப் பாடநூல்களில் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்ட செய்தி. நோயாளிக்கு அதனால் நன்மை என்று காட்டிய ஆதாரம் இல்லை. அதற்கு மாறாக, பெதிடின் உடைந்து உருவாகும் நார்பெதிடின் உடலில் தேங்கினால் வலிப்பு வரும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் ஆபத்து. பித்தக்கல் வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மருந்துகள்தான் முதல் தேர்வு. பித்தப்பையில் வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்களைக் குறைத்து வலியின் மூலத்தையே அவை தொடுகின்றன, வாயிலை இறுக்குவதும் இல்லை. அது போதாமல் ஓபியாயிடு தேவைப்பட்டால், மார்ஃபினைக் கண்டு அஞ்சி வலியோடு யாரையும் படுக்கவைக்கக் கூடாது. வலியில் துடிப்பவரிடம் சுருக்குத்தசையின் பெயரைச் சொல்லி மருந்தை மறுப்பதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது கொஞ்சமும் ஏற்புடையதல்ல.

---

முதுகலை_மாணவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. குறிப்பாக அந்த அசிட்டைல்கோலின் சோதனையை உரையில் அப்படியே வைத்துக்கொள்ள அனுமதி கேட்கிறேன், அம்மா.

இன்னும் ஒரு சந்தேகம் மீதமிருக்கிறது. என்கெஃபலின் பித்தப்பைக்கு எதிரி போலத் தெரிகிறது. உண்ட கொழுப்பைச் செரிக்கப் பித்தநீர் வேண்டும். அதைத் தடுக்கும் ஒரு பெப்டைடை உடல் ஏன் வைத்திருக்க வேண்டும்? மார்ஃபின் செய்யும் கெடுதலை என்கெஃபலினும் செய்யாதா?

---

உறுப்புத்தொட்டி எழுதியது:

அனுமதி எதற்கு? அது பேட்டனுடையதும் கோஸ்டர்லிட்ஸுடையதும். வைத்துக்கொள்ளுங்கள்.

பித்தப்பையைச் சுருங்கும் உறுப்பாகவே நினைத்துப் படித்ததால் வரும் சந்தேகம் இது. நாளின் பெரும்பகுதி அது செய்யும் வேலை நிரம்புவதுதான். கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரை நிறுத்தாமல் சுரக்கிறது. பையின் கொள்ளளவோ 30 முதல் 50 மில்லிலிட்டர். உணவுக்கு இடைப்பட்ட நேரத்தில் தளர்ந்து இடம் கொடுத்து, நீரையும் உப்பையும் உறிஞ்சிப் பித்தநீரைப் பல மடங்கு கெட்டியாக்கி வைத்துக்கொண்டால்தான் அடுத்த உணவுக்குக் கொடுக்க ஏதாவது இருக்கும். ஆகவே சுருக்கத்துக்கு எவ்வளவு ஏற்பாடு உண்டோ, அதைவிடத் தளர்வுக்கு அதிக ஏற்பாடு இருக்கிறது. உண்டு முடித்துப் பித்த அமிலங்கள் கடைக்குடலை அடைந்ததும் அங்கிருந்து எஃப்.ஜி.எஃப்.19 என்ற ஹார்மோன் புறப்பட்டுப் பித்தப்பையைத் தளர்த்தி மீண்டும் நிரம்பவைக்கிறது. பித்த அமிலங்களே டி.ஜி.ஆர்.5 என்ற ஏற்பியின் வழியாகச் சைக்ளிக் ஏ.எம்.பி.யைக் கூட்டித் தசையைத் தளர்த்துகின்றன. வி.ஐ.பி. செய்வதும் அதுதான். சோமாடோஸ்டாட்டின் என்ற ஹார்மோன் சி.சி.கே. சுரப்பதையும் பை சுருங்குவதையும் சேர்த்தே அடக்குகிறது. அதைப் போல வேலை செய்யும் ஆக்ட்ரியோடைடு மருந்தை நீண்ட நாள் எடுப்பவர்களுக்குப் பித்தக்கற்கள் வருவது அதனால்தான். கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்டிரோன் தசையின் துடிப்பைக் குறைப்பதும் இந்த வரிசையில் சேரும். நிரப்பும் வேலை ஓயாமல் தொடர்வதும் நல்லதல்ல என்பதால், வெறும் வயிற்றிலேயே குடலின் இடைவேளை அலைகளோடு மோட்டிலின் என்ற ஹார்மோன் ஏறும்போது பை சிறிதளவு காலியாகி மீண்டும் நிரம்புகிறது. தேங்கிய பித்தநீரில் கொலஸ்டிரால் படிகங்கள் சேராமலிருக்க அது உதவுகிறது.

இத்தனை கட்டுப்பாடுகளில் என்கெஃபலினும் ஒன்று. மார்ஃபினோடு அதை ஒப்பிடும்போது ஏற்பியைப் பார்க்காதீர்கள், ஆயுளைப் பாருங்கள். என்கெஃபலின் ஒரு நரம்பு முனையிலிருந்து வெளிப்படுகிறது. பக்கத்து முனையை அடக்குகிறது. நெப்ரிலைசின், அமினோபெப்டிடேஸ் என்ற நொதிகள் அதை உடனே வெட்டிவிடுகின்றன. இரத்தத்தில் ஏறி ஊரெல்லாம் சுற்றும் ஹார்மோன் அல்ல அது. மார்ஃபினின் அரை ஆயுட்காலம் இரண்டு மூன்று மணி நேரம். பித்தப்பை முடிச்சு, சுருக்குத்தசை, இரைப்பை, தண்டுவடம் என்று எல்லா இடங்களிலும் ஒரே நேரத்தில் போய் அமர்கிறது. உடல் சில நொடிகளுக்கு ஓரிடத்தில் போடும் தடையை மருந்து பல மணி நேரம் எல்லா இடத்திலும் போடுகிறது.

என்கெஃபலின் வெட்டப்படுவதைத் தடுக்கும் ராசெகாடோட்ரில் என்ற மருந்தே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உடல் தானே வெளியிட்ட என்கெஃபலினின் ஆயுளை அது கொஞ்சம் நீட்டுகிறது. டெல்டா ஏற்பி வழியாகக் குடலில் நீர் கொட்டுவது குறைகிறது. ஆனால் லோபெரமைடைப் போலக் குடலின் ஓட்டத்தை நிறுத்திவிடுவதில்லை.

பித்தம் தேங்கும் கல்லீரல் நோய்களில் கதை திரும்புகிறது. அங்கே இரத்தத்தில் மெட்-என்கெஃபலின் அளவு உயர்ந்து காணப்படுகிறது. உடலெங்கும் வரும் அந்தத் தாங்க முடியாத அரிப்புக்கு, மற்ற மருந்துகள் பலன் தராதபோது ஓபியாயிடு ஏற்பியை அடைக்கும் நால்ட்ரெக்ஸோன் கொடுக்கிறார்கள். பல நோயாளிகளுக்கு அரிப்பு தணிகிறது. முதல் நாட்களில், ஓபியாயிடு பழக்கத்தை திடீரென நிறுத்தியவருக்கு வருவதைப் போன்ற வியர்வையும் படபடப்பும் சிலருக்கு வரும். ஓபியாயிடு மாத்திரையைத் தொட்டே இராத நோயாளிக்கு இப்படி வருகிறதென்றால், தன் சொந்த பெப்டைடுகளுக்கே அந்த உடல் பழகியிருந்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

உரைக்கு ஒரே ஒரு படம் போதும். கிடைக்கோட்டில் சி.சி.கே.யின் அளவு, பிகோமோலில் தொடங்கி நானோமோல் வரை. இடப்பக்கம் நரம்பு வழிச் சுருக்கம், வலப்பக்கம் தசையின் நேரடிச் சுருக்கம். அட்ரோபினும் ஓபியாயிடும் இடப்பக்கத்தை மட்டும் தாழ்த்துவதாக வரையுங்கள். கேள்வி கேட்பவர்கள் அந்தப் படத்தைக் காட்டியே கேட்பார்கள்.

---

காமா_அறை எழுதியது:

இங்கே படிப்பவர்களில் சோதனைக்கு வரப்போகிறவர்களும் இருப்பார்கள் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். வலி மருந்தை நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள். நீண்ட நாள் எடுத்தவர்கள் திடீரென நிறுத்தினால் உடல் மிகவும் பாதிக்கப்படும். எந்த மருந்து, எப்போது கடைசியாக எடுத்தது என்று முன்கூட்டியே சொன்னால், எத்தனை மணி நேர இடைவெளி வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்வார். சாதாரண மாத்திரைக்கும் நாள் முழுவதும் மெதுவாகக் கரையும் மாத்திரைக்கும் இடைவெளி ஒன்றல்ல.

தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டையை யாரும் மருந்து என்று கணக்கில் சொல்வதில்லை. முதுகில் ஒட்டியிருக்கும், சட்டைக்குள் மறைந்திருக்கும். உரித்து எடுத்த பிறகும் தோலுக்குள் தங்கிய மருந்து பல மணி நேரம் இரத்தத்தில் கசிந்துகொண்டே இருக்கும். சோதனை நாள் குறிக்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.